அவசரப் பிரிவில் தவறு நேர்ந்துவிட்டால் நோயாளியிடமும் குடும்பத்தாரிடமும் எப்படிச் சொல்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேஷுவாலிட்டியில் வேலை செய்யும் டாக்டர்கள், நர்ஸ்கள், ஹவுஸ் சர்ஜன்கள் (பயிற்சி டாக்டர்கள்) கேட்கும் கேள்விகள் இவை. கடைசிப் பகுதியில் சில கேள்விகள் குடும்பத்தார் கேட்பவை. சட்ட விவரங்கள் இந்தியாவுக்கு உரியவை.

எதைத் தவறு என்று சொல்கிறோம்? ஊசி போட்டு அலர்ஜி வந்தாலும் தவறுதானா?

இல்லை. பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து ஏற்றும்போது நடுக்கமும் தடிப்பும் வருவது தெரிந்த பக்கவிளைவு. மாரடைப்புக்கு ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் கொடுத்து ரத்தக்கசிவு வருவதும் அப்படித்தான். முறைப்படி செய்தாலும் சிலருக்கு அது வரும். அதையும் குடும்பத்தாரிடம் சொல்ல வேண்டும், ஆனால் தவறு என்று சொல்லத் தேவையில்லை.

செய்ய நினைத்தது ஒன்று, நடந்தது வேறு என்றால் அது தவறு. தசையில் போட வேண்டிய ஊசியை நரம்பில் போட்டது, இரண்டாம் கட்டில் படுத்திருப்பவருக்கான ரத்தத்தை மூன்றாம் கட்டில் இருப்பவருக்கு ஏற்றியது, மில்லிக்கு 100 யூனிட் உள்ள இன்சுலினை 40 யூனிட் சிரிஞ்சில் இழுத்தது எல்லாம் இதில் சேரும். கடைசியில் சொன்னதில் சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உடம்பில் போவது 25 யூனிட், அதாவது இரண்டரை மடங்கு. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதும் தவறுதான். நெஞ்சுவலி என்று வந்தவருக்கு ஈ.சி.ஜி. எடுக்காமல் 'கேஸ்' என்று மாத்திரை கொடுத்து அனுப்புவது அப்படிப்பட்டது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. தவறு எல்லாமே சட்டம் சொல்லும் அலட்சியம் ஆகிவிடாது. அலட்சியமா இல்லையா என்பதைப் பின்னால் விசாரணையோ நீதிமன்றமோ முடிவு செய்யும். 'என்ன நடந்தது' என்று சொல்வதற்கு அந்த முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்போதும் சொல்ல வேண்டுமா?

தவறு உடம்பு வரை போய்ச் சேர்ந்திருந்தால், பாதிப்பு தெரியாவிட்டாலும் சொல்லுங்கள். தவறான மருந்து உள்ளே போயிருக்கிறது, இனி வரும் சில மணி நேரம் அவர் எதைக் கவனிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும். ஊசி போடும் முன்பே சிஸ்டர் கவனித்து நிறுத்திவிட்டார் என்றால் நோயாளியிடம் சொல்வது கட்டாயமில்லை. ஆனால் மருத்துவமனைப் பதிவேட்டில் அது ஏற வேண்டும். ஒரே அலமாரியில் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ஆம்பூல்களைப் பிரித்து வைக்க வேண்டும் என்பது அந்தப் பதிவிலிருந்துதான் தெரியவரும்.

தவறு தெரிந்த முதல் அரை மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும்?

முதலில் நோயாளி. மருந்தை நிறுத்துங்கள், மானிட்டரை மாட்டுங்கள், சீனியரைக் கூப்பிடுங்கள். யார் செய்தது என்ற பேச்சை அந்தக் கட்டில் அருகே தொடங்கவே கூடாது. உறவினர் திரைக்கு அந்தப் பக்கம்தான் நிற்கிறார்.

அடுத்தது பொருட்கள். காலி ஆம்பூல், சிரிஞ்ச், ட்ரிப் பாட்டில், ரத்தப் பை, அதன் டேக் எதையும் குப்பைக் கூடையில் போடாதீர்கள். ஒரு கவரில் போட்டு நேரமும் பெயரும் எழுதி மூடி வையுங்கள். ரத்தம் மாறியிருந்தால் பையை ட்யூபோடு ரத்த வங்கிக்கு அனுப்ப வேண்டும், கூடவே நோயாளியின் புதிய ரத்த மாதிரியும் போக வேண்டும். மூன்றாவதாக டூட்டி சி.எம்.ஓ.வுக்கும் (கேஷுவாலிட்டி மருத்துவ அதிகாரி), அரசு மருத்துவமனை என்றால் ஆர்.எம்.ஓ.வுக்கும் (நிலைய மருத்துவ அதிகாரி), தனியார் என்றால் மெடிக்கல் சூப்பரின்டென்டென்டுக்கும் தகவல். ஷிப்ட் மாறுகிற நேரமாக இருந்தால் வீட்டுக்குப் போகும் டாக்டர் இதைச் சொல்லாமல் போகக் கூடாது. அடுத்து வருகிறவர் விவரம் தெரியாமல் குடும்பத்தாரிடம் வேறு கதை சொல்லிவிடுவார்.

எவ்வளவு சீக்கிரம் சொல்ல வேண்டும்?

நோயாளியின் நிலை கட்டுக்குள் வந்ததும். பெரும்பாலும் அது ஓரிரு மணி நேரத்துக்குள் இருக்கும். 24 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. முழு விவரம் தெரிந்த பிறகு ஒரே தடவையாகச் சொல்லலாம் என்று தள்ளிப்போடுவதுதான் நாம் அதிகம் பார்க்கும் பிழை. கேஷுவாலிட்டியில் ரகசியம் நிற்காது. வார்டு பாய், பக்கத்துக் கட்டில் அட்டெண்டர், வெளியே டீக்கடையில் நிற்கிற ஆம்புலன்ஸ் டிரைவர் என்று யாரோ ஒருவர் வழியாக அரைகுறையாகப் போய்ச் சேரும். அதன் பிறகு டாக்டர் உண்மையையே சொன்னாலும், மாட்டிக்கொண்டதால் சொல்கிறார் என்றுதான் குடும்பம் எடுத்துக்கொள்ளும்.

அதனால் பேச்சை இரண்டாகப் பிரியுங்கள். முதல் பேச்சில் இப்போது உறுதியாகத் தெரிந்தது மட்டும். ஏன் நடந்தது என்பது இரண்டாவது பேச்சில். அந்த இரண்டாவது பேச்சு எந்த நாள், எத்தனை மணிக்கு, யார் வருவார் என்பதை முதல் பேச்சிலேயே சொல்லிவிட வேண்டும்.

யார் சொல்வது?

அந்த நோயாளிக்குப் பொறுப்பான மூத்த டாக்டர். தவறு செய்தவர் ஹவுஸ் சர்ஜனோ ஸ்டாஃப் நர்ஸோ என்றால் அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். அவர் விரும்பினால் கூட இருக்கலாம், மன்னிப்பும் கேட்கலாம், கட்டாயப்படுத்தக் கூடாது. பி.ஆர்.ஓ.வையோ பில்லிங் மேனேஜரையோ அனுப்புவது மிகவும் தவறு. சிகிச்சை பற்றிக் குடும்பம் கேட்கும் முதல் கேள்விக்கே அவரிடம் பதில் இருக்காது. கூட ஒரு சிஸ்டர் இருப்பது நல்லது. பேச்சு முடிந்து டாக்டர் போன பிறகு, 'டாக்டர் என்ன சொன்னார்?' என்று அவரிடம்தான் கேட்பார்கள்.

யாரிடம் சொல்வது? கூட்டமாக வந்து நிற்கிறார்களே?

நோயாளி நினைவோடு இருந்தால் முதலில் அவரிடம். இதை நாம் அடிக்கடி மறக்கிறோம். 'அவருகிட்ட சொல்லாதீங்க டாக்டர், தாங்க மாட்டாரு' என்று மகன் கேட்டுக்கொண்டால், அவரிடமே கேளுங்கள்: 'உங்க வைத்தியம் பத்தி உங்ககிட்ட சொல்லட்டுமா, இல்ல மகன்கிட்ட பேசட்டுமா?' அவர் சொல்வதைக் கேஸ் ஷீட்டில் எழுதி அதன்படி செய்யுங்கள்.

நினைவில்லாதவர் என்றால் நெருங்கிய உறவினர் இரண்டு அல்லது மூன்று பேர். பதினைந்து பேர் வந்திருந்தால், 'வீட்டுல முடிவு எடுக்கிறவங்க ரெண்டு பேர் உள்ள வாங்க, உங்க கூட விவரம் புரியற ஒருத்தரையும் கூட்டிட்டு வாங்க' என்று கேட்டால் அவர்களே பிரித்துக்கொள்வார்கள். மனைவி வெளியே நிற்க மச்சானிடம் மட்டும் சொல்லி முடிப்பது பல இடங்களில் பழக்கமாக இருக்கிறது. அது வேண்டாம். மனைவி உள்ளே வரட்டும்.

இடம் கிடைக்காதது உண்மையான பிரச்சினை. டூட்டி ரூம், ப்ளாஸ்டர் ரூம் எதுவானாலும் சரி, கதவு இருக்க வேண்டும், உட்கார நாற்காலி இருக்க வேண்டும். நின்றுகொண்டு சொல்லாதீர்கள். போனை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். பத்து நிமிடப் பேச்சில் மூன்று தடவை போன் அடித்தால் அவர்களுக்கு அதுதான் நினைவில் நிற்கும்.

எந்த வார்த்தைகளில் சொல்வது?

ஒரு சூழலை வைத்துப் பார்ப்போம். குளவி கொட்டி உடம்பெல்லாம் தடித்து, மூச்சுத் திணறலோடு ஒருவர் வருகிறார். அட்ரினலின் கொடுக்க வேண்டும். ஆம்பூல் ஒரு மில்லி, அதில் ஒரு மில்லிகிராம். பெரியவர்களுக்கு அரை மில்லி, தொடையின் வெளிப்புறத் தசையில். டாக்டர் அவசரத்தில் 'அட்ரினலின் பாயிண்ட் ஃபைவ்' என்று வாயால் மட்டும் சொல்கிறார், எங்கே போடுவது என்று சொல்லவில்லை. கையில் வென்ஃப்ளான் (நரம்பு வழியாக மருந்து ஏற்றும் சிறு குழாய்) ஏற்கெனவே இருக்கிறது. சிஸ்டர் அதிலேயே போட்டுவிடுகிறார். ஒரு நிமிடத்துக்குள் நெஞ்சு படபடக்கிறது, தலை வெடிக்கிற மாதிரி வலி, பிரஷர் 210. மருந்தின் வேகம் சில நிமிடங்களில் அடங்கும், ஆனால் அதற்குள் இதயத் துடிப்பு தாறுமாறாகப் போகலாம், மாரடைப்பும் வரலாம்.

இதை இப்படிச் சொல்லலாம்:

'உங்க அப்பாவுக்கு அலர்ஜிக்கு அட்ரினலின்னு ஒரு ஊசி போடணும். அது சரியான மருந்துதான். ஆனா அதைத் தொடையில சதையில போட்டிருக்கணும். நாங்க தவறுதலா கையில நரம்பு வழியா போட்டுட்டோம். அதனால பிரஷர் 210க்கு ஏறிடுச்சு, நெஞ்சு படபடன்னு அடிச்சுது. இப்ப 140க்கு இறங்கியிருக்கு. ஈ.சி.ஜி. ரெண்டு தடவை எடுத்தாச்சு, மாரடைப்பு அறிகுறி இல்லை. இதயத்துக்குப் பாதிப்பு இருக்கான்னு பார்க்க ரத்த டெஸ்ட் இப்ப எடுத்திருக்கோம், மூணு மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை எடுப்போம். இது எங்க தவறு. இப்படி நடந்ததுக்கு நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன்.'

பிறகு பேசாமல் இருங்கள். அரை நிமிடம் நீண்டதாகத் தெரியும். அந்த இடைவெளியை விளக்கம் சொல்லி நிரப்பாதீர்கள். அவர்கள் அழட்டும், திட்டட்டும், கேட்கட்டும்.

மேலே 'நரம்பு' என்றுதான் சொல்லியிருக்கிறோம். பாடப்புத்தகத்தில் அது சிரை. வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, 'நரம்பு ஊசி' என்றால்தான் புரியும். 'மெடிகேஷன் எரர்', 'அட்வர்ஸ் ஈவன்ட்' போன்றவை அறைக்கு வெளியே இருக்கட்டும்.

சொல்லக் கூடாத வார்த்தைகள் உண்டா?

உண்டு. முதலாவது, 'ஊசி ஒத்துக்கலை'. நம் ஊரில் எந்தத் தவறையும் மூடிவிடக்கூடிய சொல் இது. பழியை நோயாளியின் உடம்பின் மேல் போடுகிறது. அதைவிட மோசம், அது அடுத்த தடவை ஆளைக் கொல்லும். மேலே சொன்னவரிடம் 'அந்த ஊசி உங்களுக்கு ஒத்துக்கலை' என்று சொல்லி அனுப்பினால், அடுத்த தடவை குளவி கொட்டும்போது எந்த டாக்டர் அட்ரினலினை எடுத்தாலும், 'எனக்கு அது ஆகாது' என்று தடுப்பார். அவர் உயிரைக் காப்பாற்றக்கூடிய மருந்து அது ஒன்றுதான். மருந்தில் தப்பில்லை, போட்ட இடத்தில்தான் தப்பு என்பதை அவர் தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போக வேண்டும்.

'கொஞ்சம் சிக்கலாயிடுச்சு', 'எங்களால முடிஞ்சதைச் செஞ்சோம்', 'அவரு வயசுக்கு இது சகஜம்', 'ஆண்டவன் கையில' எல்லாமே இந்த வரிசைதான். 'சிஸ்டர் மாத்திப் போட்டுட்டாங்க' என்று ஒருவரைக் காட்டிக்கொடுப்பதும் கூடாது. எங்கே போடுவது என்று சொல்லாமல் விட்டது யார்? 'நாங்க' என்று சொல்லுங்கள். காரணம் தெரியவில்லை என்றால் ஊகிக்காதீர்கள்: 'ஏன் இப்படி நடந்துச்சுன்னு விசாரிக்கிறோம். வெள்ளிக்கிழமை காலையில பத்து மணிக்கு நானே உங்களைப் பார்த்துச் சொல்றேன்.'

மன்னிப்புக் கேட்டால் கோர்ட்டில் அதையே சாட்சியாக்கிவிட மாட்டார்களா?

அமெரிக்காவில் பல மாநிலங்களில் டாக்டர் வருத்தம் தெரிவித்ததை வழக்கில் அவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. மாசசூசெட்ஸ் 1986லேயே இயற்றியது. இங்கிலாந்தில் 2014 முதல், இப்படிச் சொல்லி வருத்தம் தெரிவிப்பதே மருத்துவமனையின் சட்டக் கடமை. இந்தியாவில் அப்படி ஒரு பாதுகாப்புச் சட்டம் இல்லை. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். இன்டெம்னிட்டி பாலிசி (டாக்டர் மீது வழக்கு வந்தால் உதவும் இன்சூரன்ஸ்) எடுத்திருப்பவர்கள் அதன் நிபந்தனையைப் படித்துப் பாருங்கள். கம்பெனியின் சம்மதம் இல்லாமல் சட்டப் பொறுப்பை ஏற்கக் கூடாது என்று பொதுவாக இருக்கும். தகவலையும் இன்சூரன்ஸ்காரருக்கு அன்றே கொடுத்துவிடுங்கள்.

ஆனால் நடந்ததைச் சொல்வது வேறு, சட்டப் பொறுப்பை ஏற்பது வேறு. 'நரம்புல போட்டுட்டோம், அது தவறு, மன்னிக்கணும்' என்பது நடந்தது. அது கேஸ் ஷீட்டிலும் இருக்கிறது, மறைத்தாலும் வெளியே வரும். 'அலட்சியமா இருந்துட்டோம், இழப்பீடு தர்றோம்' என்பது சட்ட முடிவு. அதை அந்த அறையில் பேச வேண்டாம். 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம், கணிப்பில் நேரும் பிழையோ விபத்தோ மட்டும் அலட்சியத்துக்குச் சான்றாகாது என்றது. டாக்டர் மீது குற்ற வழக்குத் தொடரும் முன் போலீஸ் வேறொரு டாக்டரின் நடுநிலையான கருத்தைப் பெற வேண்டும், வழக்கமாகக் கைது செய்வது போலக் கைது செய்யக் கூடாது என்றும் சொன்னது. கேஸ் ஷீட்டைத் திருத்துகிறவருக்கு எந்தத் தீர்ப்பும் துணை வராது.

கேஸ் ஷீட்டில் என்ன எழுதுவது?

நேரம், மருந்து, அளவு, போட்ட வழி, அதன் பிறகு பி.பி., துடிப்பு, செய்த சிகிச்சை. அதோடு குடும்பத்தாரிடம் பேசிய நேரம், யார் யார் இருந்தார்கள், என்ன சொன்னோம், அவர்கள் என்ன கேட்டார்கள். யார் மீது குற்றம் என்ற வாதம் அங்கே வேண்டாம்.

முன்பு எழுதியதைத் திருத்த வேண்டுமானால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, அடித்தது படிக்கத் தெரியும்படி விட்டு, பக்கத்தில் தேதி, நேரம், கையெழுத்து. ஒயிட்னர் கூடாது, பக்கத்தைக் கிழிக்கக் கூடாது, நேற்று விட்டதை நேற்றைய நேரம் போட்டு நுழைக்கக் கூடாது. 'பிற்சேர்க்கை' என்று இன்றைய நேரத்தோடு எழுதலாம்.

எக்ஸ்ரேவில் எலும்பு முறிவைத் தவறவிட்டது மறுநாள்தான் தெரிந்தது. நோயாளி வீட்டுக்குப் போய்விட்டார்.

இரவில் டூட்டி டாக்டர் பார்த்த படத்தைக் காலையில் ரேடியாலஜிஸ்ட் பார்க்கும்போது வெளிவரும் தவறு இது. அன்றே போன் செய்யுங்கள். பேசுவது டாக்டராக இருக்கட்டும்: 'நேத்து எடுத்த படத்தை மறுபடி பார்த்தோம். கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு எலும்புல விரிசல் இருக்கு, நேத்து நாங்க கவனிக்கலை. கட்டு போடாம விட்டா எலும்பு கூடாம போயிடலாம். இன்னைக்கே வாங்க, வரிசையில நிக்க வேண்டாம், வந்து என் பேரைச் சொல்லுங்க.' காரணம் சொல்லாமல், 'ஒரு தடவை வந்துட்டுப் போங்க' என்று மட்டும் சொன்னால் வலி குறைந்தவர் வர மாட்டார். போனை எடுக்கவில்லை என்றால் ஒவ்வொரு அழைப்பின் நேரத்தையும் எழுதி வையுங்கள், முகவரிக்குக் கடிதம் போடுங்கள்.

இந்த எலும்பில் முதல் நாள் படத்தில் விரிசல் தெரியாமலே போவதும் உண்டு. அதனால்தான் அந்த இடத்தில் அழுத்தினால் வலித்தால் கட்டுப் போட்டு 10 முதல் 14 நாளில் மறுபடி படம் எடுக்கச் சொல்கிறோம். அப்படிச் சொல்லி அனுப்பியிருந்தால் அது தவறே இல்லை.

தவறு நடந்தது வேறு மருத்துவமனையில். எங்களுக்கு ரெஃபர் ஆகி வந்திருக்கிறார். நாங்கள் சொல்லலாமா?

இங்கே அவசரம் வேண்டாம். ரெஃபரல் சீட்டில் இரண்டு வரிதான் இருக்கும். அங்கே எந்த நிலையில் வந்தார், என்ன வசதி இருந்தது என்பது நமக்குத் தெரியாது. முதலில் அங்கே இருந்த டாக்டருக்குப் போன் செய்து கேளுங்கள். 108 ஆம்புலன்ஸில் வந்திருந்தால் டெக்னீஷியன் வழியில் எழுதிய குறிப்பையும் பாருங்கள். தவறு உறுதியானால் அந்த டாக்டரே குடும்பத்தாரிடம் பேசுவது முறை.

'அங்க என்னதான் பண்ணாங்க?' என்று தலையில் அடித்துக்கொள்ளும் ஒரு வார்த்தை போதும், பல வழக்குகளின் தொடக்கம் அதுதான். அதற்காக, குடும்பம் நேராகக் கேட்கும்போது பொய் சொல்லவும் கூடாது. 'வரும்போது அவருடைய நிலைமை இப்படி இருந்துச்சு. அங்க என்ன கொடுத்தாங்கங்கிற விவரத்தை அவங்ககிட்ட எழுத்துல கேட்டு வாங்கிக்குங்க, அது உங்க உரிமை' என்று சொல்லலாம்.

நோயாளி இறந்துவிட்டார். தவறும் நடந்திருக்கிறது.

முதலில் மரணத்தைச் சொல்லுங்கள். 'இறந்துட்டார்' என்ற சொல்லையே பயன்படுத்துங்கள். தவறைப் பற்றிய பேச்சு அதே மூச்சில் வேண்டாம். உடலைப் பார்க்க விடுங்கள், உட்காரட்டும், தண்ணீர் கொடுங்கள். ஆனால் உடலை எடுத்துக்கொண்டு போகும் முன் சொல்லியாக வேண்டும். எரித்த பிறகு தெரிந்தால், பிரேதப் பரிசோதனை கேட்கும் உரிமையை நாம் அவர்களிடமிருந்து பறித்ததாகிறது. பரிசோதனை ஏன், எவ்வளவு நேரம் ஆகும், போலீசுக்குத் தகவல் போக வேண்டுமா என்பதையெல்லாம் பொறுமையாக விளக்குங்கள். மரணச் சான்றில் காரணத்தை மாற்றி எழுதச் சொல்லி யார் அழுத்தம் கொடுத்தாலும் எழுதாதீர்கள்.

கூட்டம் ஆத்திரமாக இருந்தால்?

செக்யூரிட்டி அறைக்கு வெளியே நிற்கட்டும், பேசுகிறவர் கதவுக்கு அருகில் உட்காரட்டும். தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதைத் தடுக்க 2008 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. கை ஓங்கினால் பேச்சை நிறுத்தலாம். ஆனால் திட்டுவது வேறு, அடிப்பது வேறு. திட்டினால் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

தவறு செய்த சிஸ்டரையும் ஹவுஸ் சர்ஜனையும் என்ன செய்வது?

அன்றைய மீதி டூட்டியிலிருந்து விடுவியுங்கள், தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள். நடுங்குகிற கையோடு அடுத்த ஊசியைப் போடச் சொல்வது இன்னொரு தவறுக்கு வழி. மறுநாள் கேட்க வேண்டியது, 'ஏன் இப்படிச் செய்தாய்?' அல்ல. வாய்மொழி உத்தரவைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்கும் பழக்கம் இங்கே இருக்கிறதா, ஒரு சிஸ்டருக்கு அப்போது எத்தனை கட்டில்கள் என்று கேளுங்கள். குடும்பத்துடனான இரண்டாவது பேச்சில் சொல்ல வேண்டியது இந்தப் பதில்கள்தான்.

குடும்பத்தார் கேட்பது: எங்களுக்குச் சந்தேகம் இருக்கிறது, யாரும் வாய் திறக்கவில்லை. என்ன செய்வது?

'யார் பண்ணது?' என்று தொடங்காமல், 'என்ன மருந்து, எத்தனை மணிக்கு, எவ்வளவு, எந்த வழியாகக் கொடுத்தீர்கள்?' என்று கேளுங்கள். பதிலை நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். பொறுப்பு டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று ஆர்.எம்.ஓ. அல்லது கண்காணிப்பாளருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

கேஸ் ஷீட் நகலும் எழுத்திலேயே கேளுங்கள். 2002 மருத்துவ நெறிமுறை விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். அதே விதிகள் உள்நோயாளி ஆவணங்களை மூன்று ஆண்டு வைத்திருக்கச் சொல்கின்றன, எனவே தள்ளிப்போடாதீர்கள். டாக்டரின் நடத்தை பற்றிய புகார் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு. இழப்பீடு கேட்பதானால் நுகர்வோர் ஆணையம், காலக்கெடு இரண்டு ஆண்டு. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை மீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது. 1995இல் சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொன்னது. அங்கே சிவில் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும்தான் வழி.

தவறால் கூடிய செலவுக்கும் பில் போடுவார்களா?

போடக் கூடாது என்பது எங்கள் கருத்து. முதல் பேச்சு முடியும் முன்பே பில்லிங் கவுன்ட்டருக்குச் சொல்லி, அந்த ஐ.சி.யூ. நாளையும் டெஸ்டுகளையும் நிறுத்தி வையுங்கள். தள்ளுபடி பற்றி முடிவெடுப்பது நிர்வாகம், டாக்டர் வாக்குக் கொடுக்க வேண்டாம். காலையில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, மாலையில் அதே தவறுக்கான பில்லைக் கையில் கொடுத்தால் அந்த மன்னிப்பு அங்கேயே செத்துவிடும்.

டிஸ்சார்ஜ் சம்மரியிலும் எழுத வேண்டுமா?

எழுத வேண்டும். அடுத்த டாக்டர் படிப்பது அதைத்தான். மேலே சொன்னவருக்கு இப்படி இருக்கலாம்: 'குளவிக்கடி அலர்ஜிக்கு அட்ரினலின் 0.5 மி.கி. தசைக்குப் பதிலாகத் தவறுதலாக நரம்பு வழியாகச் செலுத்தப்பட்டது. பிரஷர் தற்காலிகமாக உயர்ந்து இறங்கியது. ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை இயல்பு. நோயாளிக்கும் மகனுக்கும் தெரிவிக்கப்பட்டது. அட்ரினலினுக்கு அலர்ஜி இல்லை. இனி தேவைப்பட்டால் தசையில் கொடுக்கலாம்.'